உள்ளங்கையில் வந்த புள்ளி

"அரிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல டாக்டரம்மா. சொறி மீன் பட்டா எரியும்ல, இது எரியவும் இல்ல."

பாம்பன் பக்கத்து விசைப்படகுத் தொழிலாளி. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. அந்தக் காய்ப்புகளுக்கு நடுவே செம்பு நிறத்தில் புள்ளிகள். செருப்பைக் கழற்றச் சொன்னேன், உள்ளங்காலிலும் இருந்தன. கடலில் சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் இப்படி நாலு இடத்திலும் ஒரே மாதிரி வராது.

கூட வந்த அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "மூணு நாலு மாசத்துக்குள்ள கீழே புண் ஏதும் வந்துச்சா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வந்துச்சு. வலிக்கல. சூடுன்னு நெனச்சேன். ஊருக்கு வந்து பதநீர் குடிச்சேன், போயிருச்சு."

எங்கள் மாவட்டத்தில் பதநீருக்குக் கிடைக்கும் இந்த நல்ல பெயர் எனக்குப் பழக்கம்தான். அவருக்கு வந்திருப்பது சிபிலிஸ், உடலுறவில் தொற்றும் நோய். பெரியவர்கள் கிரந்தி, மேகப்புண் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கிருமி உடம்புக்குள் போய் 10 முதல் 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்று வாரத்தில், போன இடத்தில் ஒரு புண் வரும். வலிக்காது. எதுவுமே செய்யாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். பதநீர் குடித்தவருக்கும் ஆறும், மருந்துக் கடையில் டியூப் வாங்கிப் பூசியவருக்கும் ஆறும். புண்தான் ஆறியது. கிருமி ரத்தத்தில் ஓடி, சில வாரம் கழித்து உள்ளங்கைப் புள்ளியாக வருகிறது. அதுவும் தானாக மறையும். அப்படியே விட்டால் பல வருடம் கழித்து இதயத்திலோ மூளையிலோ கை வைக்கலாம்.

ஏப்ரல் 15-இல் எங்கள் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் இவர் மேற்குக் கரைப் படகுகளுக்குத் தொழிலுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு தொடர்பு, உறை இல்லாமல். உடனே கடல்காரர்களைக் குறை சொல்லக் கிளம்ப வேண்டாம். என்னிடம் கடைக்காரரும் வருகிறார், வாத்தியாரும் வருகிறார்.

அவர் வீட்டில் நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது. கையில் புள்ளியைப் பார்த்ததுமே அம்மா அவருக்குத் தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். கைலியைக்கூடத் தனியாகத்தான் துவைக்கிறார்கள். ஆனால் ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவிக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே பிழைக்கத் தெரியாதது. காய்ந்தால் செத்துவிடும், சோப்புக்கும் தாங்காது. அதனால் தட்டில் தொற்றாது, லாட்ஜ் கழிப்பறையில் தொற்றாது, ஒரே படகில் ஒரே சட்டியில் சாப்பிட்டாலும் தொற்றாது. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தத்திலும் ஒரே வாளியில் ஆயிரம் பேருக்கு ஊற்றுகிறார்களே என்று ஒருவர் கேட்டார். அதிலும் வராது. ஈரமான புண்ணோ படையோ நேராக உடம்பில் பட வேண்டும். உடலுறவில் அதுதான் நடக்கிறது, வாய்வழி உறவும் இதில் சேர்த்தி. வாயில் புண் இருந்தால் முத்தமும் போதும். ஆணுறை நல்ல காவல்தான், ஆனால் அது மூடாத இடத்தில் புண் இருந்தால் காப்பாற்றாது. இன்னொரு வழி, தாயின் ரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு. அதில் கரு கலையலாம், பிள்ளை இறந்தே பிறக்கலாம்.

"அவளுக்கு மூணாவது மாசமே ரத்தம் எடுத்தாச்சே, ஒண்ணும் இல்லன்னாங்களே" என்றார். எடுத்தது மே மாதம். இவர் ஊர் திரும்பியது ஜூனில். அந்த ரிசல்ட் அந்தத் தேதிக்குத்தான்.

"கூட்டிட்டு வந்தா என்னன்னு சொல்லுவேன்?" என்று கேட்டார். நான் அவர் வீட்டில் போய்ச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். நீங்களே சொல்லுங்கள், பக்கத்தில் நான் இருக்கிறேன் என்றேன். நான்கு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். அந்தப் பெண் அழவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் ரத்தத்திலும் தொற்று இருந்தது.

இருவருக்கும் பென்சாத்தின் பென்சிலின், 24 லட்சம் யூனிட், இரண்டு பக்க இடுப்பிலும் பாதிப் பாதி. ஆரம்பத்திலேயே பிடித்தால் ஒரே தடவை போதும். ஒரு வருடம் தாண்டியிருந்தால் வாரம் ஒன்றாக மூன்று. அரசு மருத்துவமனையில் இந்த மாதிரி நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்தில் காசில்லை. எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்தே எடுத்தோம், ஏனென்றால் புண் இருக்கும்போது அதுவும் சுலபமாக நுழையும். ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அடிக்கலாம், கிருமி சாகிற காய்ச்சல், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி தொடர்பு வைத்தால் மறுபடி வரும் என்பதையும் சொன்னேன். ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் வராது என்று நினைக்கிறவர்கள் நிறைய.

போகும்போது அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நானும் தனித் தட்டுல சாப்பிடணுமா?" மாமியாரை உள்ளே கூப்பிட்டேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. தட்டு, பாய் எதையும் பிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்க்க ஒரு தேதி குறித்தேன். சீட்டைப் பார்த்தவர், "அன்னைக்குத் தொழில் நாளு டாக்டரம்மா" என்றார். சரி என்று அடித்துவிட்டு மறுநாளை எழுதிக் கொடுத்தேன்.