கிக்பேக்: எதிருதைப்பு

செய்தித்தாளில் ‘கிக்பேக்’ என்று படித்தால் ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தவருக்குக் கைமாறிய கமிஷன் நினைவுக்கு வரும். மரம் அறுக்கும் கூடத்திலோ இரும்பு வெட்டும் பட்டறையிலோ அதே சொல் காதில் விழுந்தால் ஓரடி விலகி நிற்கத் தோன்ற வேண்டும். சூழல் தெரியாமல் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கட்டிங் மெஷின் கையேட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தால், ‘கையூட்டு ஏற்படாமல் கருவியை இறுகப் பிடிக்கவும்’ என்ற வரி வந்து நிற்க எல்லா வாய்ப்பும் உண்டு. சிரிக்கலாம். ஆனால் அந்த வரியை நம்பி, சுழலும் டிஸ்க்கால் இரும்பு வெட்டும் கிரைண்டரைக் கையில் எடுப்பவருக்கு அது எதைச் சொல்ல வருகிறது என்றே புரியாது.

சரி, பட்டறையில் இதற்கு என்ன பொருள்? சுழலும் பிளேடோ டிஸ்க்கோ, ஓடும் சங்கிலியோ, வெட்டும் பொருளுக்குள் இறுகிக்கொள்கிறது. இல்லையென்றால் படக்கூடாத இடத்தில் தட்டிவிடுகிறது. அதுவரை வெட்டுவதற்குச் செலவான விசைக்கு இப்போது வெட்ட வழி இல்லை. அது கருவியையே தூக்கி எறிகிறது, அல்லது வெட்டப்படும் பொருளை எறிகிறது. மின் வெட்டுக்கருவிகளின் கையேடுகளில் பாதுகாப்புப் பகுதியைப் புரட்டினால் இதற்கென்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். இறுகிய அல்லது சிக்கிய சுழல் பாகத்தால் திடீரென எழும் எதிர்வினை என்று அங்கே விளக்கியிருப்பார்கள். எதிர்வினை என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்து வையுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

வேலை செய்பவர்கள் இதைத் தமிழில் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். “டிஸ்க் கடிச்சுக்கிச்சு”, “மெஷின் உதைச்சிருச்சு”, “கட்டையைத் தூக்கி அடிச்சிருச்சு”. இந்தப் பேச்சில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கடித்தது’ காரணம், ‘உதைத்தது’ விளைவு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல். ஆங்கிலச் சொல்லில் விளைவு மட்டும்தான் உண்டு. ‘கிக்’ என்றால் உதை, ‘பேக்’ என்றால் திரும்பி, பின்னோக்கி. அவ்வளவுதான்.

அந்தச் சொல்லின் கதை சுவையானது. கார்களை முன்பக்கம் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்பிய காலம் ஒன்று இருந்தது. எஞ்சினுக்குள் பொறி முந்திக்கொண்டு பற்றினால் அச்சு சட்டென்று தலைகீழாகச் சுற்றும். கைப்பிடி சுற்றியவர் கையைத் திருப்பி அடிக்கும். இதைத்தான் ‘கிக் பேக்’ பண்ணுகிறது என்றார்கள். மணிக்கட்டுப் பக்கம் எலும்பு முறிவது அடிக்கடி நடந்ததால், ஆரை எலும்பின் நுனியில் வரும் ஒரு வகை முறிவுக்கு மருத்துவத்தில் ‘ஷோஃபர் முறிவு’ (ஷோஃபர் என்றால் கார் ஓட்டுநர்) என்றே பெயர் நிலைத்துவிட்டது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்த பிறகுதான் கைப்பிடிக்கு ஓய்வு கிடைக்கத் தொடங்கியது. பழைய பைக்கில் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

லஞ்சம் என்ற பொருள் கிளைத்த விதமும் ‘திரும்பி’ என்பதிலிருந்துதான். கொடுத்த பணத்தில் ஒரு பங்கு கொடுத்தவருக்கே, அல்லது கொடுக்க வைத்தவருக்கே, மறைவாகத் திரும்பி வருகிறது. அமெரிக்காவில் 1934 ஆம் ஆண்டு கோப்லேண்ட் சட்டம் என்று ஒன்று இயற்றினார்கள். அரசுக் கட்டுமான வேலைகளில் தொழிலாளியிடம் கூலியைக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு பகுதியை மிரட்டித் திருப்பி வாங்குவதைத் தடுப்பதற்கான சட்டம். அதன் பெயரிலேயே ‘ஆன்ட்டி கிக்பேக்’ என்று இருக்கும். ஆக, தொழிலாளியை இரண்டு விதத்திலும் உதைத்த சொல் இது.

இப்போது தமிழுக்கு வருவோம். முதலில் யாருக்கும் தோன்றுவது ‘பின்னுதைப்பு’. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இங்கேதான் எங்கேயோ உதைக்கிறது. கருவி எப்போதும் பின்பக்கம்தான் உதைக்குமா?

கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். 125 மி.மீ. டிஸ்க்கில் நிமிடத்துக்குச் சுமார் 12,200 சுற்று என்று அச்சிட்டிருப்பார்கள். 230 மி.மீ. டிஸ்க்கில் 6,600 சொச்சம். எண்கள் வேறானாலும் இரண்டுக்கும் விளிம்பு வேகம் ஒன்றுதான்: நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். (பெரிய மெஷினில் தேய்ந்த பெரிய டிஸ்க்கைக் கழற்றிச் சின்ன மெஷினில் மாட்டக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அதற்காகத்தான் சிலர் பாதுகாப்பு மூடியையே கழற்றுகிறார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல்.) அந்த வேகத்தில் ஓடும் விளிம்பு இரும்புக்குள் மாட்டிக்கொண்டால், மாட்டிய இடத்தில் விளிம்பு எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கருவி துள்ளும். வெட்டும் இடத்தில் விளிம்பு உங்களை விட்டு அப்பால் ஓடினால், உதை உங்களை நோக்கி. உங்கள் பக்கமாக ஓடினால், கருவி உங்களை விட்டு அப்பால் பாயும். கையையும் சேர்த்து இழுக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு: தீப்பொறி. விளிம்பு ஓடும் திசையில்தான் பொறி பறக்கும். எனவே பொறி பறக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உதைப்பு வரும். ‘பொறி என் மேல படலையே, பத்திரமாத்தான் நிக்கிறேன்’ என்று நினைப்பவர் உதைப்பின் பாதையில் நின்றுகொண்டிருக்கிறார். பொறி தம் பக்கம் வரும்படி பிடித்தால் மூடியும் முழுமுகத் தடுப்புக் கண்ணாடியும் தடுக்கும். உதைப்பை அவை தடுக்காது. இரண்டையும் கணக்கில் வைத்து, டிஸ்க்கின் நேர்கோட்டிலிருந்து உடம்பை ஒரு பக்கமாக விலக்கி, பக்கக் கைப்பிடியைப் போட்டு இரண்டு கையாலும் பிடிப்பதுதான் வழி.

இதனால்தான் ‘பின்’ எனக்கு ஒத்துவரவில்லை. ‘பின்’ என்பது நிற்பவரை வைத்துச் சொல்லும் திசை. ‘எதிர்’ என்பது சுழலும் விளிம்பை வைத்துச் சொல்லும் திசை. கருவிக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தது தான் சுழலும் பக்கம் மட்டும். இயற்பியலில் எதிர்வினை என்று நாம் எப்போதோ பழகிவிட்ட சொல்லும் இதே ‘எதிர்’தான். எனவே எதிர் + உதைப்பு, எதிருதைப்பு.

மேசை ரம்பத்தில் இந்த வாதம் நிற்குமா என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. அங்கே பிளேடு மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டு சுழலும், பலகையைத்தான் அதை நோக்கித் தள்ளுவோம். எனவே பறப்பது மெஷின் இல்லை, மரம். 250 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் நொடிக்கு 52 மீட்டருக்கு மேல் வரும். முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி வெட்டும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏறும். அறுத்த பிளவு மூடிக்கொண்டு பின்பக்கப் பற்களைக் கவ்வினாலோ, பலகை கோணலாகி அவற்றின்மேல் சாய்ந்தாலோ, ஏறும் பற்கள் பலகையைத் தூக்கி, பிளேடின் உச்சி வழியாகத் தள்ளுபவர் பக்கம் எறியும். மரம் பல் ஓடும் திசையில்தான் போகிறது. ஆனால் நாம் அதைத் தள்ளிய திசைக்கு எதிராகப் போகிறது. விதி ஒன்றேதான். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தள்ளினால் இலேசானவர் விழுவார். கிரைண்டரில் இலேசானது கருவி, மேசை ரம்பத்தில் இலேசானது பலகை. இரண்டு இடத்திலும் ‘எதிர்’ பொருந்துகிறது.

மற்ற வேட்பாளர்களையும் பார்த்துவிடலாம். ‘பின்னடிப்பு’ பரவாயில்லை, ஆனால் ‘பின்னடைவு’ என்று படித்துவிடுவார்கள். ‘துள்ளல்’ ரொம்ப மென்மை. கன்றுக்குட்டி நினைவு வருகிறது. ‘எதிர்வினை’ மட்டும் போட்டால் வேதியியல் வகுப்புக்குப் போய்விடும். துப்பாக்கி சுடும்போது தோளில் இடிப்பதற்குப் பின்னுதைப்பு என்று சொல்வதுண்டு, அது அங்கேயே இருக்கட்டும். துப்பாக்கி ஒவ்வொரு முறையும் உதைக்கும். அது அதன் இயல்பு. வெட்டுக்கருவி உதைத்தால் ஏதோ தவறிவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம்.

‘உதை’ என்பதை ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறேன் என்றால், தமிழில் அது வெறும் கால் வேலை இல்லை. அம்பை வில்லிலிருந்து செலுத்துவதையும் பழந்தமிழில் உதைத்தல் என்பார்கள். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுக்கும் சுவர் உதைசுவர். முட்டுக் கம்பம் உதைகால். தள்ளும் விசை, அதைத் தாங்கும் எதிர்விசை இரண்டுமே அந்தச் சொல்லுக்குள் முன்பே குடியிருக்கின்றன. போதாததற்கு, கணக்கு ஒத்துப்போகாவிட்டால் ‘எங்கேயோ உதைக்குதே’ என்கிறோம். பிளேடுக்கும் பொருளுக்கும் ஒத்துப்போகாதபோது மெஷினும் அதையேதான் செய்கிறது. அப்புறம், வினையாகவும் இது நன்றாக ஓடும்: எதிருதைத்தது, எதிருதைக்கும், எதிருதைக்காமல். வினையாக ஓடாத கலைச்சொல் பட்டறையில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

சங்கிலி ரம்பத்தில் இந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம். அதன் நீண்ட தகட்டின் மேல்விளிம்பில் சங்கிலி முன்னோக்கி ஓடும், கீழ்விளிம்பில் நம்மை நோக்கித் திரும்பும். கீழ்விளிம்பு மரத்தில் கவ்விக்கொண்டால் ரம்பம் நம்மை முன்னால் இழுக்கும். மேல்விளிம்பு கவ்விக்கொண்டால் நம்மைப் பின்னால் தள்ளும். இவற்றை இழுப்பு, தள்ளல் என்றே சொல்லலாம். மோசமானது மூன்றாவது. தகட்டு நுனியின் மேல் கால்பகுதி ஒரு கிளையிலோ கட்டையிலோ பட்டுவிட்டால், நுனி மேலெழும்பி முகத்தையும் கழுத்தையும் நோக்கி வளைவாகத் திரும்பும். இதுதான் அசல் எதிருதைப்பு. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மனிதர் ஒன்றைக் கண்டு கையை அசைக்கவே அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஆகும். ‘உதைச்சா பிடிச்சுக்கலாம்’ என்ற தைரியத்துக்கு இங்கே இடம் கிடையாது. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் கைக்காப்புத் தகட்டில் பிரேக்கை இணைத்திருப்பது அதனால்தான். பெரும்பாலான ரம்பங்களில் உதைப்பின் வேகமே அந்தப் பிரேக்கை இயக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும். ஒரு வேடிக்கை: பழைய கார்க் கைப்பிடியைச் சுற்றும்போது கட்டைவிரலை வளைத்துப் பிடிக்காதே என்பார்கள், உதைத்தால் கை விடுபட வேண்டும் என்று. சங்கிலி ரம்பத்தில் இடது கட்டைவிரலை முன்கைப்பிடியின் அடியில் வளைத்தே பிடிக்க வேண்டும், உதைத்தால் பிடி விடக்கூடாது என்று.

எச்சரிக்கைப் பலகையில் ‘எதிருதைப்பு அபாயம்’ என்று மட்டும் எழுதினால் போதாது என்றே நினைக்கிறேன். புதுச் சொல்லை வாக்கியத்தில் வைத்தால்தான் பழகும். ‘டிஸ்க் மாட்டினால் கருவி எதிருதைக்கும். டிஸ்க்கின் நேர்கோட்டில் நிற்காதீர்’ என்று எழுதலாம். புணர்ச்சி கண்ணை உறுத்துகிறது என்றால் ‘எதிர் உதைப்பு’ என்று பிரித்தே எழுதுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இந்தச் சொல்லோடு ஒட்டிவரும் இன்னொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. மேசை ரம்பத்தில் பிளேடுக்குப் பின்னால் சின்னதாக, வளைவாக ஒரு தகடு நிற்கும். அறுத்த பிளவுக்குள் புகுந்துகொண்டு, இரண்டு பக்கமும் சேர்ந்து பிளேடைக் கவ்வாமல் தடுப்பது அதன் வேலை. அதன் தடிமன் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும், பல் வெட்டும் தடத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பற்களுக்கும் அதற்கும் இடையே 8 மி.மீட்டருக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. ஆங்கிலத்தில் அதைக் கத்தி என்கிறார்கள், அது எதையும் வெட்டுவதில்லை என்றபோதும். நமக்கு ‘ஆப்புத் தகடு’ போதும். கையால் மரம் அறுத்த காலத்தில் பாதி அறுத்த பிளவில் ஆப்பு அடித்து வைத்தது இதே காரணத்துக்குத்தான். அந்த ஆப்பை அசைத்துப் பார்த்த குரங்கு என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்றைக்கும் வேலைக்கு இடைஞ்சல் என்று தகட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய மாதிரிகளில் அதற்கு ஒரு சாக்காவது இருந்தது: தகடு பிளேடைவிட உயரமாக நின்றதால், பலகையில் பள்ளம் மட்டும் வெட்ட வேண்டுமென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கி, அதன் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நிற்கும் தகடுகள் வந்த பிறகு அந்த வெட்டுக்கும் கழற்ற வேண்டியதில்லை.