டிராஃப்ட்: யார் யாரை எடுப்பது?

கல்லூரி விண்ணப்பத்தோடு இணைக்க வங்கி வரிசையில் நின்று டி.டி. எடுத்த தலைமுறைக்கு 'டிராஃப்ட்' புதுச் சொல் இல்லை. டிமாண்ட் டிராஃப்ட்டில் பாதி அதுதான். அலுவலகத்தில் கடிதம் அனுப்புவதற்கு முன் 'ஒரு டிராஃப்ட் போடுங்க' என்பார்கள், அது வரைவு. விளையாட்டுச் செய்தியில் அதே சொல் வரும்போதுதான் சிக்கல். வட அமெரிக்கப் பனி ஹாக்கியில், பள்ளியிலும் இளையோர் அணிகளிலும் ஆடுகிற பதினெட்டு வயதுப் பையன்களைத் தொழில்முறை அணிகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதற்கு டிராஃப்ட் என்று பெயர். இதை 'வரைவு' என்று எழுதினால் ஏதோ சட்ட மசோதா போலத் தோன்றுகிறது. 'ஏலம்' என்றால் ஐபிஎல் ஞாபகம் வரும். இங்கே யாரும் விலை கூவுவதில்லை. 'தேர்வு' என்று எழுதினாலோ பையன் பரீட்சைக்குப் போகிறான் என்று ஆகிவிடும்.

சரி, வேரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் தாய் 'டிரா'. பொருள், இழுத்தல். தரையோடு இழுத்துக்கொண்டு போவதைக் குறிக்கும் 'டிராக்' இதன் உடன்பிறப்பு. வண்டி இழுக்கும் குதிரை டிராஃப்ட் குதிரை. பீப்பாயிலிருந்து பிடிக்கும் பீர் டிராஃப்ட் பீர். கதவிடுக்கில் நுழையும் காற்றும், கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழமும், பேனாவை இழுத்து எழுதிய முதல் படியும், ஒருவர் கணக்கிலிருந்து பணத்தை இழுத்துத் தரும் வங்கித் தாளும் எல்லாம் டிராஃப்ட்தான். ஒரே இழுப்பு, பல திசை.

தமிழில் 'இழு' அவ்வளவு தூரம் நீளாது. ஆனால் 'எடு' நீளும். கிணற்றில் தண்ணீர் எடுக்கிறோம். வங்கியில் பணம் எடுக்கிறோம், டி.டி. எடுக்கிறோம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் டிரா செல்கிற பெரும்பாலான வீட்டுக்குள் தமிழில் 'எடு' ஏற்கெனவே குடியிருக்கிறது. தெருவில் கிரிக்கெட் ஆட இரண்டு தலைவர்கள் எதிரெதிரே நின்று அணி பிரிக்கும்போது பையன்கள் என்ன சொல்கிறார்கள்? "நான் முதல்ல அவனை எடுக்கறேன்." யாரும் அகராதி பார்த்துச் சொல்வதில்லை. ஆகவே என் கட்சி, டிராஃப்ட்டுக்குத் தமிழ் 'ஆளெடுப்பு'. முதலில் எடுக்கப்பட்டவர் முதல் எடுப்பு, ஒன்பதாவதாக எடுக்கப்பட்டவர் ஒன்பதாம் எடுப்பு.

'எடுப்பு' என்று தனியாகச் சொன்னால் எடுப்பான மூக்கு, எடுப்புச் சாப்பாடு, ஏன், அந்தக் காலத்து எடுப்புக் கக்கூஸ் வரை நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். முன்னால் 'ஆள்' வந்துவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

'வரைவு' கட்சிக்காரர்களுக்கும் ஒரு வாதம் உண்டு. பழந்தமிழில் வரைவு என்றால் திருமணம். தலைவியை மணந்துகொள்ளும்படி தலைவனைத் தோழி வற்புறுத்துவது வரைவு கடாதல். ஒருத்தியைத் தனக்கென்று வரையறுத்துக்கொள்வது என்கிற அந்தப் பொருளில் பார்த்தால், ஓர் அணி ஒரு பையனைத் தனக்கென்று வரைந்துகொள்கிறது என்று சொல்லிவிடலாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்குச் செய்தி படிக்கிற யாருக்கு அது எட்டும்?

சொல் விளையாட்டுக்குள் வந்த வழி பட்டாளத்தின் வழி. ஒரு படையிலிருந்து சிலரைப் பிரித்து வேறு வேலைக்கு இழுப்பதை டிராஃப்ட் என்றார்கள். பிறகு குடிமக்களைக் கட்டாயமாகப் படைக்கு இழுப்பதும் அந்தப் பெயரைப் பெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863-ல் கட்டாய ஆளெடுப்புச் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஏழைகள் கொதித்தார்கள், அந்த ஜூலையில் நியூயார்க்கில் பெரும் கலவரம். வியட்நாம் போர்க் காலத்தில், 1969 டிசம்பர் 1 அன்று, பிறந்த தேதிகளைக் குலுக்கி யார் முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆக, டிராஃப்ட் என்ற சொல்லில் எடுக்கப்படுபவனின் விருப்பத்தைக் கேட்பது என்பதே கிடையாது. 'தேர்வு' என்று மெழுகினால் இந்தக் கசப்பு போய்விடுகிறது.

1936 பிப்ரவரியில், ஃபிலடெல்ஃபியா விடுதி ஒன்றில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். அணிகள் முதல் ஆளெடுப்பை நடத்தின. அதில் முதல் எடுப்பான ஜே பெர்வாங்கர் அந்த லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை! எடுப்பதும் ஆடுவதும் வேறு வேறு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

ஹாக்கியில் ஆளெடுப்புக்கு முன்னிருந்த ஏற்பாடு இன்னும் மோசம். பெரிய அணிகள் ஊர் ஊராக இளையோர் அணிகளைத் தத்தெடுத்து, அங்கே ஆடும் சிறுவர்களிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். பின்னாளில் பெரும் பெயர் பெற்ற பாபி ஆர் 1962-ல் பாஸ்டன் அணிக்குக் கையெழுத்துப் போட்டபோது அவருக்கு 14 வயது. வட அமெரிக்காவின் தொழில்முறைப் பனி ஹாக்கி லீகான என்.எச்.எல். தன் முதல் ஆளெடுப்பை 1963 ஜூனில் மான்ட்ரியலில் நடத்தியது. அன்றைக்கு ஆறே அணிகள். எடுக்கப்பட்டவர்கள் 21 பேர். முதல் எடுப்பு கேரி மொனஹன். எந்த அணிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் மிச்சமிருந்த பையன்களைத்தான் எடுக்க முடிந்தது. தத்தெடுக்கும் பழக்கம் ஒழிந்த பிறகுதான், 1969 வாக்கில், ஆளெடுப்புக்கு உண்மையான மதிப்பு வந்தது.

எடுக்கும் வரிசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏலத்திலிருந்து ஆளெடுப்பைப் பிரிப்பது அதுதான். சென்ற பருவத்தில் கடைசியில் வந்த அணிக்கு முதல் முறை. ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே வேறுபாடு, இங்கே கடைமடைக்குத்தான் முதல் தண்ணீர். முதல் தண்ணீருக்காகவே வேண்டுமென்று தோற்று அடியில் கிடக்கும் குறும்பைத் தடுக்க, 1995 முதல் அடிமட்ட அணிகளுக்குள் குலுக்கல் நடக்கிறது. தண்ணீர் முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பது போல இந்த முறையையும் மாற்றிக்கொள்ளலாம். 1983-ல் முதல் முறை நியாயமாகப் பிட்ஸ்பர்குக்கு வந்திருக்க வேண்டும்; ஆட்களை மாற்றிக்கொண்ட பேரத்தில் அது மினசோட்டாவுக்குப் போயிருந்தது.

அந்த 1983-க்கு வரத்தான் இவ்வளவு சுற்றினேன். அதற்கு முன் இன்னொரு சொல்லைப் பார்த்துவிட வேண்டும். எடுக்கப்படக் காத்திருக்கும் பையனை ஆங்கிலத்தில் 'பிராஸ்பெக்ட்' என்கிறார்கள். லத்தீனில் முன்னோக்கிப் பார்த்தல் என்பது வேர். தங்கம் இருக்குமா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பவரும் இதே வேரில் பிறந்த 'பிராஸ்பெக்டர்'. இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. நம் பத்திரிகைகள் இப்படிப்பட்ட பையனை 'நம்பிக்கை நட்சத்திரம்' என்று எழுதும். நட்சத்திரம் ஏற்கெனவே வானத்தில் இருக்கிறது. பிராஸ்பெக்ட் இன்னும் மண்ணில் கிடக்கிறான். எனக்குப் பிடித்த தமிழ் 'நாற்று'. பயிற்சிக்கூடத்தை 'வீரர்களின் நாற்றங்கால்' என்று எழுதுவது நமக்குப் பழக்கம்தான். நாற்றங்கால் இருந்தால் நாற்று இருக்க வேண்டாமா? நாற்றைப் பறித்து வேறு வயலில் நட வேண்டும். பச்சை பிடிக்குமா, காய்ந்து போகுமா என்பது நட்ட பிறகுதான் தெரியும்.

இனி 1983. அந்த ஆண்டு மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் முதல் எடுப்பாக எடுத்தது ரோட் ஐலண்டின் மவுன்ட் செயின்ட் சார்ல்ஸ் பள்ளி மாணவன் பிரயன் லாட்டனை. முதல் எடுப்பான முதல் அமெரிக்கர் அவர்தான். பள்ளி அணியிலிருந்து நேரே அந்த இடத்துக்குப் போன ஒரே ஆளும் அவர்தான். ஹாக்கியின் பெரும் நட்சத்திரம் கிரெட்ஸ்கியின் 99-க்கு அடுத்த 98-ஐ முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினார். பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில் ஆக்டன்-பாக்ஸ்பரோ பள்ளியின் கோல்காவலர் டாம் பராசோ ஐந்தாம் எடுப்பு, பஃபலோ அணிக்கு. நான்காவதாகப் போனவர் கனடாவின் இளையோர் லீகில் ஆடிய ஸ்டீவ் ஐசர்மன்.

லாட்டன் 483 ஆட்டங்களில் 112 கோல் அடித்தார். எந்தப் பள்ளிப் பையனும் பெருமைப்படலாம்; ஆனால் முதல் எடுப்பு என்ற பட்டம் அவரை விடவில்லை. பராசோ பள்ளி முடித்த கையோடு, 18 வயதில் ஆடத் தொடங்கிய முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகம், சிறந்த கோல்காவலர் என்ற இரண்டு விருதுகளையும் வாங்கினார். ஐசர்மன் 1,514 ஆட்டம், 1,755 புள்ளி (அடித்த கோலும், பிறர் கோலடிக்கக் கொடுத்த உதவியும் சேர்ந்தது). அன்றைக்கு இந்த மூவரையும் வரிசைப்படுத்தியவர்கள் முட்டாள்கள் இல்லை. பள்ளி ஹாக்கியை அளப்பதே கஷ்டம். கனடாவின் பெரிய இளையோர் லீகுகளில் ஒரு பையன் ஆண்டுக்கு அறுபத்துச் சொச்சம் ஆட்டம் ஆடுகிறான். மினசோட்டா பள்ளியில் ஏறக்குறைய 25. எதிரே நிற்பவன் ஒரு நாள் நாளைய தொழில்முறை வீரன், மறுநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. இதில் அடித்த கோல்களை எந்தத் தராசில் நிறுத்துவது? (அமெரிக்க 'ஹைஸ்கூல்' ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. நம் உயர்நிலையும் மேல்நிலையும் சேர்ந்தது. 'உயர்நிலைப் பள்ளி வீரர்' என்று எழுதும்போது பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடக் கூடாது.)

2005-ல் இன்னும் சுத்தமான ஒப்பீடு கிடைத்தது. ஒரே மாநிலம், இரண்டு பள்ளி, ஒரே ஆளெடுப்பு. மினசோட்டாவின் மூர்ஹெட் பள்ளித் தடுப்பாட்டக்காரர் பிரயன் லீ, ஆறடி மூன்றங்குலம், அந்த ஆண்டு மாநிலத்தின் சிறந்த பள்ளி வீரருக்கான 'மிஸ்டர் ஹாக்கி' விருது பெற்றவர். கனடா எல்லையோரச் சிற்றூரான வாரோட்டின் பள்ளியில் முன்னாட்டக்காரர் டி.ஜே. ஓஷி. பின்னாளில் பெரும் நட்சத்திரமான சிட்னி கிராஸ்பி முதல் எடுப்பான அந்த ஆண்டில் லீ ஒன்பதாம் எடுப்பு, ஒட்டாவாவுக்கு. ஓஷி 24, செயின்ட் லூயிஸுக்கு. லீ 209 ஆட்டங்களோடு நின்றார். ஓஷி ஆயிரத்தைத் தாண்டினார்; 2014 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிரான பெனால்ட்டி மோதலில் திரும்பத் திரும்ப அவரையே அனுப்பினார்கள், ஆறில் நான்கு கோல்; 2018-ல் வாஷிங்டனோடு என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. உயரத்தை அளக்க நாடா இருக்கிறது, விருதை எண்ணலாம். நாற்று எந்த வயலில் பச்சை பிடிக்கும் என்பதற்கு நாடா இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளின் 'உத்தி பிரித்தல்' இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கிட்டத்தட்டச் சம பலமுள்ள இருவர் இருவராக ஒதுங்கிப்போய், ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, "பூ வேணுமா, காய் வேணுமா?" என்று தலைவனிடம் கேட்பார்கள். யாரை எடுக்கிறோம் என்று எடுப்பவனுக்கே தெரியாது. சம்பந்தப்பட்டவர்களே தங்களை ஒப்பிட்டுக்கொண்டு வருவதால் அணிகள் பெரும்பாலும் சரிசமமாக அமையும். அதனால்தான் உத்தி என்ற சொல்லை டிராஃப்ட்டுக்கு வைக்கத் தயங்குகிறேன். உத்தியில் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு. ஆளெடுப்பில் அது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. எடுக்கப்பட்ட பையனின் நிலைக்குத் தமிழில் தயாராகவே ஒரு தொடர் இருக்கிறது: எடுப்பார் கைப்பிள்ளை.

முழுக்கக் கைப்பிள்ளையும் இல்லை. எடுப்பதால் அணிக்குக் கிடைப்பது ஒப்பந்தம் பேசும் தனி உரிமை மட்டுமே. பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கல்லூரிக்குப் போய்விடுவார்கள், அணி காத்திருக்கும். பிளேக் வீலரை 2004-ல் மினசோட்டாவின் பிரெக் பள்ளியிலிருந்து ஃபீனிக்ஸ் ஐந்தாவதாக எடுத்தது. அவர் மூன்று ஆண்டு பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு, ஃபீனிக்ஸோடு கையெழுத்தே போடாமல், 2008-ல் பாஸ்டனுக்குப் போனார். பின்னாளில் வினிபெக் அணியின் தலைவரும் ஆனார். செய்தியில் 'ஃபீனிக்ஸ் அணியில் சேர்ந்தார்' என்று எழுதினால் தவறு. 'ஃபீனிக்ஸ் எடுத்தது' என்பதே சரி, சேர்வது வேறு வினை.

எழுதும்போது இப்படி வைக்கலாம்: "வாரோட் பள்ளியின் நாற்றான ஓஷியை 2005 ஆளெடுப்பில் செயின்ட் லூயிஸ் 24-ஆவதாக எடுத்தது." முதல் தடவை 'ஆளெடுப்பு' என்று எழுதும்போது பக்கத்தில் டிராஃப்ட் என்றும் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அடுத்த பத்தியில் வாசகர் பழகிவிடுவார்.

அப்புறம் லாட்டன். ஆட்டத்தை விட்ட பிறகு வீரர்களுக்கு முகவராக இருந்தார். அங்கிருந்து டாம்பா பே அணியின் பொது மேலாளர் ஆனார். 2009 ஆளெடுப்பில் இரண்டாவது முறை அவர் கைக்கு வந்தபோது எடுத்த நாற்று, விக்டர் ஹெட்மன் என்ற ஸ்வீடன் நாட்டுத் தடுப்பாட்டக்காரர். லாட்டன் அடுத்த ஆண்டே அந்தப் பதவியில் இல்லை. ஹெட்மன் அதே வயலில் வேர்விட்டு, 2020-லும் 2021-லும் டாம்பாவுக்காகக் கோப்பையைத் தூக்கினார்.