‘இதற்கும் ஒரு ஸ்டார்தானா, அக்கா?’

தண்டையார்பேட்டையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மாலை வகுப்பின் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். ஒரு பக்கம் 22 பிள்ளைகளின் பெயர்கள், எதிரே கட்டங்கள். ஒரு கதைப் புத்தகம் படித்து முடித்தால் தங்க நிற ஸ்டார் ஒன்று. பத்து சேர்ந்தால் ஜாமெட்ரி பாக்ஸ். முதல் வாரத்திலேயே புத்தக அலமாரி பாதி காலி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாம் வாரம்தான் கண்ணில் பட்டது: நகர்ந்ததெல்லாம் ஒல்லிப் புத்தகங்கள். எட்டுப் பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருந்தாள். சார்ட் வருவதற்கு முன்பு மூலையில் சாய்ந்துகொண்டு தடித்த புத்தகங்களை யார் சொல்லியும் இல்லாமல் படித்துக்கொண்டிருந்தவள். அப்படி ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, கடைசிப் பக்க எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இதற்கும் ஒரு ஸ்டார்தானா, அக்கா?” ஸ்டிக்கர் தீர்ந்துபோன வாரம் அவள் அலமாரிப் பக்கமே வரவில்லை.

நான் தெரியாமல் செய்ததை 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்களும் தெரிந்தே செய்து பார்த்திருக்கிறார்கள். இடம், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளி. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே சான்றிதழைச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, வகுப்பில் விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு ஒளிந்திருந்து பார்த்தார்கள். பரிசு இல்லாதவர்கள் அந்த நேரத்தில் ஏறக்குறைய 17 சதவீதத்தை வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்கள் 18 சதவீதம். பரிசுக்காக வரைந்தவர்கள் 9 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

சான்றிதழ் அதே சான்றிதழ்தான். ஒன்று பேரமாக வந்தது, மற்றது சும்மா வந்தது. ‘நான் ஏன் வரைகிறேன்?’ என்ற கேள்விக்குக் குழந்தையிடம் முன்பு ஒரே பதில்தான் இருந்தது: பிடித்திருக்கிறது. பேரம் பேசியதும் இன்னொரு பதில் கிடைத்துவிடுகிறது. அந்தப் பதில் காரியத்தோடு ஒட்டிக்கொண்டால், கூலி நின்றதும் வேலையும் நிற்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகள் ஒரு தடயம் தருகின்றன. எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தால் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சட்டென்று துடிக்கின்றன. சாறு வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிடுகிறது; சாறு வரும்போது சலனமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே விழுகிறது. அதாவது அந்த அணுக்கள் கணக்கு வைப்பது பரிசை மட்டும் அன்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. குரங்கின் பழச்சாற்றிலிருந்து பிள்ளையின் ஸ்டிக்கருக்கு ஒரே தாவாகத் தாவக் கூடாதுதான். ஆனாலும் முதல் ஸ்டாருக்குத் துள்ளிய பிள்ளை இருபதாவதை வாங்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டு போனபோது எனக்கு அந்தக் குரங்குதான் நினைவுக்கு வந்தது.

அதற்காகப் பரிசே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்டான்ஃபோர்டு குழந்தைகளுக்குக் கெடுவதற்கு ஓர் ஆசை முன்பே இருந்தது. பதினாறாம் வாய்ப்பாட்டின் மீது ஆசை கொண்ட பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. அங்கே ஒரு கடலை மிட்டாய் எதையும் கெடுத்துவிடாது. பெருக்கல் கைக்கு வந்துவிட்டால் கணக்கு சரியாக வருவதே ஒரு ருசி. அதுவரை தாக்குப்பிடிக்க மிட்டாய் உதவும். அதன்பின் சத்தமில்லாமல் நிறுத்திவிட வேண்டும்.

பரிசு என்றால் பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எங்கள் வகுப்புக்கு வெளியே துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன்; உள்ளே என் தொண்டை. “உட்கார், உட்கார்” என்பதே பாதிப் பாடம். 1968-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. அமெரிக்காவில் ஒரு முதல் வகுப்பு. ஆசிரியர்கள் “உட்கார்” என்று அடிக்கடி சொல்லச் சொல்ல, எழுந்து நிற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. அதட்டிய கணம் பிள்ளை உட்கார்ந்துவிடுவதால் ஆசிரியருக்கு அதட்டல் பலித்ததாகத் தோன்றுகிறது. பிள்ளைக்கோ, எழுந்தால் ஆசிரியர் தன்னைப் பார்க்கிறார் என்ற லாபம். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைப் பார்த்து ஆசிரியர்கள் பாராட்டத் தொடங்கியதும் எழுவது குறைந்தது. நானும் முயன்றேன். எழுந்து திரியும் பையனைக் காணாததுபோல் இருப்பது, அதட்டுவதைவிடப் பத்து மடங்கு கடினம். அடிதடி என்றால் காணாமல் இருக்கவும் முடியாது.

சரி, பாராட்டுவது என்றால் எப்படி? “கெட்டிக்காரி”, “இவன் மூளைக்காரன்” என்று நாம் அள்ளி வீசுகிறோமே, அதில்தான் வில்லங்கம். 1998-இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரிடம் ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். அடுத்துக் கடினமான புதிர்கள், எல்லோரும் தடுமாறினார்கள். மீண்டும் எளிய புதிர்கள் தந்தபோது, முயற்சிக்குப் பாராட்டு பெற்றவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள்; ‘புத்திசாலி’ என்று கேட்டவர்கள் முன்பைவிடக் கீழே போனார்கள். இன்னொன்றுதான் என்னை உறுத்தியது. யார் என்று தெரியாத வேறு மாணவருக்கு எழுதும் தாளில் தங்கள் மதிப்பெண்ணைக் குறிக்கச் சொன்னபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். முயற்சிக்காரர்களில் அது 13 சதவீதம். பட்டம் கொடுத்தால் அதைக் காப்பாற்றும் கவலையையும் சேர்த்தே கொடுக்கிறோம். இந்தக் கருத்தை வைத்துப் பள்ளிகளில் நடத்திய பயிற்சிகளின் பலன், பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் சிறியதாகவே இருந்தது. ஆகவே இதை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் அறைக்குக் கீழே ஒரு கேரம் கிளப் இருக்கிறது. வடசென்னையில் அது அதிசயம் இல்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். மேலே ஐந்து நிமிடம் உட்காராத பையன் கீழே ஒன்றரை மணி நேரம் ஸ்ட்ரைக்கரை விட்டு எழுவதில்லை. அவனுக்கு ஸ்டாரும் இல்லை, மிட்டாயும் இல்லை. காயின் விழுந்ததா, இல்லையா என்பதைப் பலகையே உடனுக்குடன் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் பெரியவர் அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் பையன் கட் அடித்துப் போட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “இந்த முறை ஸ்ட்ரைக்கரை ஒரு விரல் தள்ளி வைத்தாய், பார்.” தவறவிட்டபோது காயினைப் பழைய இடத்திலேயே வைத்து, இன்னொரு முறை என்று கைகாட்டினார். எது பலித்தது என்ற செய்தி அந்த ஒரு வரியில் இருந்தது. என் ஸ்டாரில் பசை மட்டும்தான் இருந்தது.

சார்ட்டைக் கிழித்துவிட்டேன். நோட்டில் ‘வெரி குட்’ எழுதுவதையும் குறைத்து, எது நன்றாக இருக்கிறதோ அதன் கீழே கோடு போடுகிறேன். போன மாதம் அந்தச் சிறுமி காசிமேடு மீன் ஏலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தாள். ‘கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி என் காலில் விழுந்தது’ என்ற வரியின் கீழே கோடிட்டு, ‘இதைப் படித்ததும் என் கால் சில்லிட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்தாள். நோட்டைத் திருப்பி மறு பக்கத்தையும் பார்த்தாள். பிறகு என்னிடமே வந்து நின்றாள்.

“மற்ற வரிக்கெல்லாம் சில்லிடவில்லையா, அக்கா?”