ராஜபார்ட்: அரச வேடம் அல்ல

பழைய நடிகர் யாருடைய வாழ்க்கைக் குறிப்பை எடுத்தாலும் தொடக்கத்திலேயே இப்படி ஒரு வரி வரும்: சின்ன வயதில் பாய்ஸ் கம்பெனியில் (சிறுவர்களை வைத்து நாடகம் போடும் குழு) சேர்ந்தார், ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போட்டார், வளர்ந்ததும் ராஜபார்ட் ஆனார், அங்கிருந்து சினிமா. இதைத் தமிழாக்கி எழுத நினைக்கிறவர்கள் சிலர் ராஜபார்ட்டை 'அரச வேடம்' என்று மாற்றிவிடுகிறார்கள். ராஜா என்றால் அரசன், பார்ட் என்றால் வேடம். கூட்டினால் அரச வேடம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. விடைதான் தப்பு.

கோவலன் நாடகத்தில் ராஜபார்ட் யார்? பாண்டியன் என்று நினைத்தால் தப்பு. கோவலன்தான். அவன் மாசாத்துவானின் மகன், வணிகன். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிற பாண்டியன் அந்த நாடகத்தில் ராஜபார்ட் இல்லை. வள்ளி திருமணத்தில் ராஜபார்ட் முருகன். அவனும் வேடனாகவும் கிழவனாகவும் வந்து வள்ளியிடம் வம்பு பேசுகிறவன். அரிச்சந்திரன் அரசன்தான், சரி. ஆனால் சனங்கள் அழுதது அவன் சுடுகாடு காக்கிற கட்டத்துக்கு. ஆக, மேடையில் கதையைத் தாங்குகிற ஆண் வேடம் எதுவோ அதுதான் ராஜபார்ட். கிரீடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அது மட்டுமில்லை. அந்த வேடத்தைப் போடுகிற ஆளுக்கும் அதே பெயர்தான். "அவர் எங்கள் கம்பெனி ராஜபார்ட்" என்றால், அன்றிரவு அவர் போட்ட வேடத்தைச் சொல்வதாகப் பொருளில்லை. குழுவுக்குள் அவருக்கு இருந்த இடத்தைச் சொல்கிறது. சம்பளமும் விளம்பரத்தில் பெயர் வரும் வரிசையும் அந்த இடத்தைப் பொறுத்தவை. நடிகர்களின் வரலாற்றை எழுதும்போது இந்த இரண்டாவது பொருள்தான் பெரும்பாலும் தேவைப்படும்.

'பார்ட்' வந்த வழி சிக்கலில்லாதது. பங்கு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகக் குழுக்களில் முழு நாடகத்தையும் எல்லோருக்கும் எழுதித் தரமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பேச வேண்டியதும், அதற்கு முன்னால் பேசுகிறவனின் கடைசிச் சொற்களும் மட்டும் எழுதிய தாள் கிடைக்கும். அவரவர் பங்கு, அதாவது பார்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் தமிழ்நாட்டுக்கு வந்து, திரையும் காட்சியும் டிக்கெட்டுமாக நாடகம் போட்டுக் காட்டின. அதைப் பார்த்துத் தமிழிலும் கம்பெனிகள் கிளம்பின. 'கம்பெனி', 'சீன்', 'ஸ்பெஷல்', 'பார்ட்' எல்லாம் அப்படி மேடையேறிய சொற்கள்.

அப்புறம் நம் ஆட்கள் அதோடு என்னென்னவோ ஒட்டினார்கள். வடமொழி ராஜாவையும் ஸ்திரீயையும் ஒட்டினார்கள். தமிழ்க் கள்ளனை ஒட்டிக் கள்ளபார்ட் ஆக்கினார்கள். முதலில் திருடன் வேடம், போகப்போகக் கதாநாயகனுக்கு எதிராக நிற்கிறவன் எல்லாம் கள்ளபார்ட். கள்ளபார்ட் நடராஜன் என்ற திரைப்பட நடிகருக்கு அது பெயரோடு பெயராகவே ஒட்டிக்கொண்டது. கோமாளிக்குப் பார்ட் ஒட்டவில்லை. அவன் நேராக 'பபூன்'. நோட்டீசுகளில் 'அயன் ஸ்திரீபார்ட்' என்றும் பார்க்கலாம். அயன் என்றால் அசல், முதல்தரம். உருது வழியாக வந்தது. அயன் நிலம் என்று வருவாய்க் கணக்கில் எழுதுவார்களே, அந்த அயன்தான். வடமொழி, உருது, ஆங்கிலம் மூன்றும் ஒரே பட்டத்தில்! தனித்தமிழ் அன்பர்களுக்கு நெஞ்சு வலிக்கும். எனக்கு இதில் ஒரு அழகு தெரிகிறது.

இந்தப் பட்டங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்துதான் நடிப்பு கற்றார்கள். பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுப்பவருக்குக் கம்பெனியில் வாத்தியார் என்று பெயர். (பிற்காலத்தில் எம்.ஜி.ஆரை ரசிகர்கள் 'வாத்தியார்' என்றது வேறு கதை.) பெண் வேடத்துக்கும் பையன்கள்தான். சிவாஜி கணேசன் சிறுவனாக மேடையில் போட்ட வேடங்களில் ஒன்று சீதை.

பையன் வளர்ந்தால் குரல் உடையும். அதை மகரக்கட்டு என்பார்கள். கம்பெனிப் பையன்களுக்குப் பசியைவிட இதுதான் பெரிய பயமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் காதில் விழவில்லை என்றால் ராஜபார்ட் இல்லை. குரல் உடைந்து திரும்பி வந்தால் ராஜபார்ட். வராவிட்டால் துண்டு துக்கடா வேடங்கள், அல்லது ஊர் திரும்புதல். ஒருவருடைய வாழ்க்கையே தொண்டையில் தொங்கியது. டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் மாதிரி சிலர் இந்த வரிசையை மதிக்கவில்லை. வளர்ந்த ஆணான சண்முகம் ஒளவைக் கிழவியாக நடித்துப் பெயர் வாங்கினார்; 'அவ்வை' அவர் பெயருக்கு முன்னால் வந்து நின்று, சென்னையில் ஒரு சாலைப் பெயராகவும் ஆனது.

ராஜபார்ட் என்ற சொல் உச்சத்தில் இருந்தபோது அதன் உருவம் எஸ்.ஜி. கிட்டப்பா. செங்கோட்டைக்காரர், 1906-ல் பிறந்தவர். உள்ளே இருந்தே பாடிக்கொண்டு வருவது ராஜபார்ட்டின் வழக்கம். ஆளைப் பார்ப்பதற்கு முன் குரலைக் கேட்க வேண்டும். கிட்டப்பா 1933-ல், 27 வயதில் போய்விட்டார். சினிமாவில் நடிக்கவே இல்லை. அவரோடு மேடையில் ஜோடியாகப் பாடிய மனைவி கே.பி. சுந்தராம்பாள் பிறகு 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார், ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு. பெண் ஒருவர், உழைக்கும் அடிமையாக, ராஜபார்ட்! 'அரச வேடம்' என்ற மொழிபெயர்ப்பை இங்கே பொருத்திப் பாருங்கள்.

திருச்சியில் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாகத் தொடங்கிய எம்.கே. தியாகராஜ பாகவதர், எஸ்.டி. சுப்புலட்சுமியோடு மேடையில் நடித்த பவளக்கொடி நாடகத்தோடு அப்படியே 1934-ல் திரைக்குப் போனார். மேடை அர்ச்சுனனே திரை அர்ச்சுனன். தொடக்க காலப் பேசும்படம் ராஜபார்ட்டை மொத்தமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை. பி.யு. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாக இருந்தவர். 1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டார்; அது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம். அதே பாய்ஸ் கம்பெனியில் இருந்த எம்.ஜி.ஆர். 1936-ல் 'சதி லீலாவதி'யில் போலீஸ் வேடத்தில் வந்தவர். கதாநாயகன் ஆக 1947-ல் 'ராஜகுமாரி' வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. பாட்டால் ராஜபார்ட் ஆகிற காலம் முடிந்து, முகமும் கத்திச் சண்டையும் பேசுகிற காலம் அதற்குள் தொடங்கிவிட்டது. பாகவதர் 1944 கடைசியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி 1947-ல் வெளியே வந்தபோது அவருக்குப் பழைய இடம் இல்லை. வழக்கு ஒரு காரணம்தான். அவர் வகித்த பதவியே காலியாகியிருந்தது. சிவாஜி 1973-ல் 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் நடித்தபோது அது ஏற்கெனவே பழைய நினைவைக் கூப்பிடும் சொல்.

இனி எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு வருவோம். 'அரச வேடம்' ஏன் கூடாது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மற்றவர்களைவிடச் சுலபமாக விளங்கும். பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டினம், ஊத்தங்கரைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து. ஊரில் அதையே நாடகம் என்றும் சொல்வார்கள். அங்கே யாரும் 'பார்ட்' என்று சொல்ல மாட்டார்கள். "இன்னிக்கு துரியோதனன் வேஷம் யாரு?" என்றுதான் பேச்சு. வேஷம் கட்டுவது, வேஷக்காரர், பெண் வேஷம், கோமாளி வேஷம்.

இந்த மேடையில் ராஜ வேஷம் என்றால் நிஜமாகவே ராஜ வேஷம். கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்புப் பதக்கம், முகத்தில் அரிதாரம். துரியோதனனும் அதுதான், கர்ணனும் அதுதான், அர்ச்சுனனும் அதுதான். நல்லவன் கெட்டவன் பிரிவில்லை, கதாநாயகன் என்ற வரிசையும் இல்லை. துரியோதனன் விழுகிற படுகளத்தன்று, மண்ணில் மல்லாந்து கிடக்கிற அவனைத்தான் ஊரே சுற்றி நிற்கிறது. ஆகவே கம்பெனி நாடக ராஜபார்ட்டை 'அரச வேடம்' என்று எழுதினால், கூத்தில் உயிரோடு இருக்கிற இன்னொரு பொருளோடு அது மோதுகிறது. பாகவதர் புஜக்கட்டை கட்டி ஆடினார் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் புரிந்துகொண்டால் அவர்மேல் தப்பில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பார்ட் என்பதற்கு 'வேடம்' போதும். வடமொழி வேஷத்தின் தமிழ் வடிவம் என்று அகராதி சொல்லும். ஆனாலும் கூத்துமேடையில் நூற்றாண்டுகளாகப் புழங்கி ஊறிய சொல். 'பாத்திரம்' கதையிலிருக்கும் ஆளைக் குறிப்பது. நடிப்பவரின் இடத்தைக் குறிக்காது. இலங்கைத் தமிழர் 'பாகமேற்று நடித்தார்' என்பார்கள். பார்ட்டுக்குச் சொல்லுக்குச் சொல் நெருக்கமானது அதுதான். இன்னும் பழைய தமிழ் வேண்டுமென்றால் 'கோலம்' இருக்கிறது. மாதவி ஆடிய பதினோராடலில் ஒன்றை இளங்கோ "ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி ஆடலும்" என்கிறார். ஸ்திரீபார்ட்டுக்கு இதைவிடப் பழைய சான்று எங்கே தேடுவது? பெண்கோலம் என்று தாராளமாக எழுதலாம். பேச்சு வழக்கில் பெண் வேடமே இயல்பு.

ராஜபார்ட்டுக்கு நான் பயன்படுத்துவது 'தலைவேடம்'; ஆளைச் சொல்லும்போது 'தலைவேட நடிகர்'. அகப்பாட்டில் தலைவன், தலைவி என்கிற அதே தலை. அரசன் என்ற குழப்பம் இல்லை, தரவரிசையும் உள்ளே வந்துவிடுகிறது. நந்தனாராக நடித்த சுந்தராம்பாளுக்கும் பொருந்துகிறது. 'கதாநாயகன்' ஒத்துவராதா என்றால், அது சினிமாக்காலப் பொருளில் இறுகிவிட்டது. படத்துக்குப் படம் மாறுகிற இடம் அது. ராஜபார்ட் ஆண்டுக்கணக்கில் ஒருவரே வகித்த இடம். கள்ளபார்ட்டுக்குக் கள்வன் வேடம் அல்லது எதிர்வேடம், இடம் பார்த்து. பபூனுக்குக் கோமாளி இருக்கவே இருக்கிறான்.

படப்பெயரையும் பட்டப்பெயரையும் மட்டும் தொடக்கூடாது. கள்ளபார்ட் நடராஜனை 'எதிர்வேட நடராஜன்' ஆக்கினால் யாருக்கும் ஆள் தெரியாது. எழுத்துப்பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ராஜபார்ட்டை 'ராஜபாட்டை' என்று சிலர் எழுதுகிறார்கள். பாட்டை என்றால் வழி, பெரிய சாலை. ராஜபாட்டை அரசர் போகிற வீதி. அந்தச் சொல்லுக்கும் நாடகத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.