எச்.எஸ். என்றால் உறங்கும்போது

இதய நோய்க்கு எழுதித் தரும் மருந்துச் சீட்டில், சில மாத்திரைகளின் பெயருக்கு நேரே 'எச்.எஸ்.' என்று இருக்கும். கொழுப்பு மாத்திரைக்குப் பக்கத்தில் அடிக்கடி பார்க்கலாம். இது இலத்தீன். விரித்தால் 'ஹோரா சொம்னி'. ஹோரா என்றால் வேளை, சொம்னி என்றால் உறக்கத்தின். உறங்கும் வேளையில் சாப்பிடுங்கள் என்பதுதான் பொருள். கடிகாரத்தில் இத்தனை மணி என்று அந்த இரண்டு எழுத்தும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இது தெரியாமல் போனது. குலசேகரத்துக்குப் பக்கத்தில் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். மூன்று மணி இருட்டில் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர் என்பதால் ராத்திரி ஏழரைக்கெல்லாம் படுத்துவிடுவார். மருந்துக் கடையில் 'எச்.எஸ்.' என்பதை 'இரவு 9' என்று கவரில் எழுதிவிட்டார்கள். அம்மா ஒன்பது வரை விழித்திருந்து, "எழும்புங்க, மாத்திரை" என்று தட்டி எழுப்புவாள். எழுந்தவருக்கு மறுபடி உறக்கம் பிடிக்கப் பதினொன்று ஆகிவிடும். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. பிறகு திருவனந்தபுரத்தில் செக்கப்புக்குப் போனபோது நர்ஸம்மாவிடம் சொன்னோம். "கிடக்கும்போள் கழிச்சால் மதி" என்று மலையாளத்தில் சொன்னார். படுக்கும்போது சாப்பிட்டால் போதும். ஏழரைக்குப் படுத்தால் ஏழரைக்கே.

ஹோரா கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குப் போன சொல். ஆங்கிலத்தின் 'ஹவர்' அதன் பேரன். அதே கிரேக்கச் சொல் சமஸ்கிருதத்திலும் ஹோரா ஆகி, நம் பஞ்சாங்கத்தில் ஓரையாக நிற்கிறது. சுக்கிர ஓரை, குரு ஓரை என்று நாள் பார்க்கிறோமே, அந்த ஓரைதான். 'ஓரையும் நாளும்' என்று தொல்காப்பியக் களவியலிலேயே வருகிறது. அதைத் தமிழ்ச் சொல்லாகவே கொள்வோரும் உண்டு. எப்படியானாலும், பஞ்சாங்கத்தில் தினமும் பார்க்கிற சொல்லின் உறவுக்காரச் சொல் மருந்துச் சீட்டில் முகம் தெரியாமல் கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? 'உறங்கும் வேளை' நல்ல தொடர்தான். ஆனால் வேளை, 'வேலா' என்ற வடசொல்லிலிருந்து வந்ததாக அகராதி சொல்கிறது. அதைவிட நெருக்கமான சொல் வாயிலேயே இருக்கிறது: உறங்கும்போது. பொழுது சுருங்கிப் போது ஆனது. உறங்கும் என்பது சொம்னி, போது என்பது ஹோரா. இரண்டு இலத்தீன் சொல்லையும் ஒரே தமிழ்ச் சொல் சுமக்கிறது. நர்ஸம்மா சொன்ன 'கிடக்கும்போள்' என்பதிலும் இதே பொழுதுதான் போள் ஆகி நிற்கிறது. 'தூங்கும்போது' என்று எழுதலாமே என்றால், 'தூங்கு' என்பதன் பழைய பொருள் தொங்கு, ஆடு. தூங்கணாங்குருவிக்குப் பெயர் வந்தது அப்படித்தான். எங்கள் குமரி மாவட்டத்தில் இன்றும் எல்லாரும் உறங்கத்தான் செய்கிறோம். அதனால் இங்கே 'உறங்கும்போது' என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும்.

எச்.எஸ். சுருக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. 'ஹாஃப் ஸ்ட்ரெங்த்', அதாவது பாதி வீரியம், என்று சிலர் படித்துவிடுகிறார்கள். அதனால்தான் மருந்துப் பிழைகளைத் தடுக்க வேலை செய்பவர்கள் இந்தச் சுருக்கத்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

கொழுப்பு மாத்திரைக்கு ராத்திரி ஏன்? கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகம் உண்டாக்குவது இரவில். சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை உடம்பில் கொஞ்ச நேரமே தங்கும் என்பதால் ராத்திரிக்கு வைத்தார்கள். அதே வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நீண்ட நேரம் நிற்பவை. அவற்றை எந்த வேளையில் எடுத்தாலும் சரி, தினமும் அதே வேளையாக இருந்தால் நல்லது. அப்பாவுக்குத் தந்தது அட்டோர்வாஸ்டாட்டின். அந்த ஒன்பது மணிக்கு ஒரு தேவையும் இருந்திருக்கவில்லை.

பிரஷர் மாத்திரையை ராத்திரி சாப்பிட்டால் மாரடைப்பு குறையும் என்று ஒரு பேச்சு பலமாக இருந்தது. பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய 'டைம்' என்ற ஆய்வு 2022-இல் வெளிவந்தது. காலையில் சாப்பிட்டவர்களுக்கும் ராத்திரி சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், அவற்றால் வரும் மரணம் ஆகியவற்றில் வித்தியாசம் இல்லை. மறக்காத வேளை எதுவோ அதுவே நல்ல வேளை. நீர் பிரியும் மாத்திரை மட்டும் வேறு. அதைக் காலையில்தான் எடுப்பது வழக்கம், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கக் கழிவறைக்கு நடக்க வேண்டும், வயதானவர்கள் இருட்டில் விழுந்துவிடுவார்கள். எதை மாற்றுவதானாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த முறை இரண்டாகப் போடாதீர்கள்.

இப்போது அப்பாவின் கவரில் '9' அடிபட்டிருக்கிறது. அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் 'உறங்கும்போ' என்று இருக்கிறது.