ஆந்தம்னா கீதமா? பர்செல்லோட ஒரு சின்னப் பாட்டை வெச்சு ஒரு சொல் விளக்கம்

ஆந்தம்னு சொன்னதும் முதல்ல ஞாபகம் வர்றது தேசிய கீதம், அப்புறம் கிரிக்கெட் டீமுக்குப் போடுற பாட்டு. அதனால 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து இசையமைப்பாளர் ஹென்றி பர்செல்லோட "ஹியர் மை ப்ரேயர், ஓ லார்ட்" ஒரு ஆந்தம்னு எங்கயாச்சும் படிச்சா குழம்பத்தான் செய்யும், ஏன்னா அதுல கொடியும் இல்ல வெற்றியும் இல்ல, ஒரே ஒரு கெஞ்சல்தான் இருக்கு.

வேர் கிரேக்கம். ஆன்ட்டின்னா எதிர், ஃபோனேன்னா குரல், டெலிஃபோன்ல இருக்கிற அதே ஃபோன்தான். ரெண்டும் சேந்து ஆன்ட்டிஃபோனா, அதாவது ஒரு பக்கம் பாட எதிர்ப்பக்கம் பதிலுக்குப் பாடுறது. லத்தீன் வழியா பழைய இங்கிலீஷுக்குப் போய் ஆன்டெஃப்ன்னு தேஞ்சு, இன்னும் தேஞ்சு ஆந்தம் ஆயிடுச்சு. இந்த முதல் அர்த்தத்துக்கு நம்மகிட்ட அச்சு அசலா ஒரு சொல் இருக்கு, எசப்பாட்டு. கத்தோலிக்க பூசைப் புத்தகத்துல வருகைப் பல்லவின்னு வரும்ல, அந்தப் பல்லவியும் ஆன்ட்டிஃபோன்தான்.

ஆனா இங்கிலாந்து சர்ச் தனியாப் பிரிஞ்சப்புறம் சொல்லுக்கு வேற வேலை வந்துடுச்சு. பைபிள் வசனத்தை இங்கிலீஷ்ல கோயர், அதாவது சர்ச் பாடகர் குழு, பாடினா அது ஆந்தம், அந்த சர்ச்சோட 1662 ஜெப புத்தகத்துலயே பாட்டு பாடுற இடங்கள்ல இங்க ஆந்தம் வரணும்னு எழுதி வெச்சிருக்காங்க. நாட்டுப் பாட்டுக்கு இந்தப் பேரு ஒட்டிக்கிட்டது ரொம்பப் பின்னாடி, 19ஆம் நூற்றாண்டுல.

இப்ப பர்செல். 1682 வாக்குல எழுதினது, அப்ப அவருக்கு இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசுதான், ஆனா 1679லயே லண்டன்ல இருக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் அபேங்கிற பெரிய சர்ச்சுல ஆர்கன் வாசிப்பாளர் ஆயிட்டாரு. வார்த்தை மொத்தமே 102ஆம் சங்கீதத்தோட முதல் வசனம் ஒண்ணுதான், நேரம் மூணு நிமிஷத்துக்கும் கம்மி, குரல் எட்டு. ஒரே ஒரு குரல் ஒரே சுரத்துல "ஹியர் மை ப்ரேயர்"னு நின்னு, லேசா மேல போய்ட்டு திரும்ப அதே இடத்துக்கு வந்து உக்காருது, பேச்சு வராதவங்க ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப சொல்ற மாதிரி. "க்ரையிங்"ங்கிற சொல் வந்ததும் சுரம் அரை அரைப் படியா நெளியுது, அழறப்ப குரல் வழுக்குமே அப்படி. இதுக்கு மேல ஒவ்வொரு குரலா வந்து சேந்து, ஒண்ணோட ஒண்ணு உரசி, எங்கயுமே இறக்கிவிடாம ஏத்திக்கிட்டே போய், முடியப்போற நேரத்துல எட்டும் ஒரே சமயத்துல மோதும் பாருங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சை அடைக்கும்.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? கீதம் எனக்கு ஒத்துக்கல, கர்நாடக சங்கீதத்துல அது ஆரம்பப் பாடம், மத்தவங்களுக்கு தேசிய கீதம். எசப்பாட்டுன்னா வேருக்குப் பொருந்தும், இந்தப் பாட்டுக்குப் பொருந்தாது, இதுல எதிரும் புதிருமா யாரும் இல்ல, எட்டு குரலும் ஒரே பக்கம் நின்னு ஒரே ஆளைத்தான் கூப்பிடுது. கோயர் பாட்டுக்கு சேர்ந்திசைன்னு நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, கோயர் நடத்தின இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனைப் பத்திப் பேசுறப்பல்லாம் வருமே. அதனால திருச்சேர்ந்திசைன்னு வெச்சுக்கலாம்ங்கிறது என் கட்சி.

அந்த வசனம் தமிழ் பைபிள்ல "கர்த்தாவே, என் விண்ணப்பத்தைக் கேளும், என் கூப்பிடுதல் உம்மிடத்தில் சேர்வதாக"ன்னு இருக்கு. க்ரையிங்குக்கு அழுகைன்னு போடாம கூப்பிடுதல்னு போட்டிருக்காங்க பாருங்க, அதை மனசுல வெச்சுக்கிட்டு பாட்டைக் கேட்டீங்கன்னா அந்த நெளியுற அரைச் சுரம் எதுக்குன்னு சட்டுனு பிடிபடும்.