காலில் பிரேக், தட்டில் வேகம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "சில்வர் பீச்சில் நண்பர்களோடு டிஸ்க் வீசிப் பழகுகிறேன். ஜிம்முக்குப் போய்த் தோளையும் கையையும் நன்றாக ஏற்றி வைத்திருக்கிறேன். ஆனாலும் நான் வீசுவது 40 மீட்டர் தாண்டுவதில்லை. ஆரோவில்லிலிருந்து வரும் ஒரு அக்கா, என் தோளுயரம்தான் இருப்பார், அலட்டிக்கொள்ளாமல் இரண்டு மடங்கு தூரம் அனுப்புகிறார். டிஸ்க் கோல்ஃப் வீடியோக்களில் வரும் அந்தக் குறுக்குக்கால் நடையையும் போட்டுப் பார்த்துவிட்டேன். தூரம் கூடவில்லை, இடுப்புதான் வலிக்கிறது. அப்படி அவர் கையில் என்ன இருக்கிறது?"

கையில் ஒன்றும் இல்லை, தம்பி. முன்காலில் இருக்கிறது. நீங்கள் நடையைக் கற்றுக்கொண்டீர்கள். அந்த அக்கா நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை, மற்றபடி கோல்ஃப்தான். குறைந்த வீச்சுகளில் கூடையில் சேர்ப்பவர் ஜெயித்தார். எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர் 1975-ல் கலிஃபோர்னியாவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். 2002-ல் அவர் இறந்தபோது அவருடைய அஸ்தியைக் கலந்தே தட்டுகள் வார்த்தார்கள். நாம் தேவனாம்பட்டினத்தில் கடலில் கரைப்போம், அவர்கள் காற்றில் விட்டார்கள். தட்டு கடற்கரை ஃபிரிஸ்பீயைவிடச் சிறியது: குறுக்களவு 21 சென்டிமீட்டர் அளவில், எடை பெரும்பாலும் 150 முதல் 175 கிராம் வரை, விளிம்பு கனமாகவும் கூர்மையாகவும் இருக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 175 கிராம் தட்டு மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கையை விட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு எட்டக்கூடிய வேகம்தான். பள்ளியில் படித்த அரை எம்.வி. ஸ்கொயரைப் போட்டால் 68 ஜூல் வரும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விறுவிறுவென நடந்தால் அவர் உடம்பில் இருப்பது 130 ஜூல். தட்டுக்கு வேண்டியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல் வெறும் நடையிலேயே இருக்கிறது. ஆனால் நடந்தபடியே கையை நீட்டித் தட்டை நழுவவிட்டால் அதற்குக் கிடைப்பது அந்த நொடிக்கு 2 மீட்டர்தான். மணிக்கு 7 கி.மீ. உடம்பில் ஆற்றல் கிடக்கிறது, தட்டுக்குப் போய்ச்சேர வழியில்லை.

கைத்தசையே அந்த 68 ஜூலைக் கொடுத்துவிடக் கூடாதா? இங்கேதான் ஜிம் கைவிடுகிறது. தசைக்கு ஒரு குணம் உண்டு: எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் அதனால் இழுக்க முடியும். ஏ.வி. ஹில் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1938-ல் தவளைத் தசையை வைத்து இதை ஒரு சமன்பாடாகவே எழுதிக் காட்டினார். மெதுவாகத் தூக்கும்போது 20 கிலோ டம்பெல்லை அனாயாசமாக ஏற்றும் கை, தன் உச்ச வேகத்தில் சுருங்கும்போது கிட்டத்தட்ட எதையுமே இழுக்காது. தட்டு வேகமெடுக்க எடுக்கக் கைத்தசை பின்தங்கிவிடும். ஆகவே கெட்டிக்காரத்தனம் இதுதான்: தொடையும் இடுப்பும் போன்ற பெருந்தசைகள் மெதுவாகச் சுருங்கி, தெம்போடு வேலை செய்யட்டும், அந்த வேலையை வேகமாக மாற்றிக் கைநுனிக்குக் கொண்டுபோக ஒரு ஏற்பாடு இருந்தால் போதும்.

அந்த ஏற்பாட்டுக்கு முன்னுரைதான் எக்ஸ்-ஸ்டெப், நீங்கள் போட்டுப் பார்த்த அதே குறுக்குக்கால் நடை. வலக்கைக்காரர் பேக்ஹேண்ட் (கையை மார்புக்குக் குறுக்கே பின்னால் கொண்டுபோய், புறங்கை முன்னே வர வீசுவது) வீசுவதாக வைத்துக்கொண்டால், வலத்தோள் இலக்கைப் பார்க்க நிற்கிறார். வலக்கால் ஒரு எட்டு. இடக்கால் அதன் பின்பக்கமாகக் குறுக்கே போய் ஊன்றுகிறது. மேலிருந்து பார்த்தால் கால்கள் பெருக்கல் குறி போட்டிருக்கும். பிறகு வலக்கால் நீளமாக எட்டி வைத்து ஊன்றுகிறது. இந்தக் கடைசி ஊன்றல் நடக்கும் தருணத்தில் தட்டுள்ள கை பின்னால் முழுக்க நீண்டிருக்க வேண்டும், முதுகு இலக்கின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பாதம் இலக்கை நேராகப் பார்க்காமல் குறுக்குவாக்கில் விழ வேண்டும். நடை அவ்வளவுதான். ஓட வேண்டியதில்லை, ஓட்டம் கூடினால் ஊன்றிய காலால் அதைத் தாங்க முடியாது.

இனி நடப்பதைத்தான் நான் வீடியோவில் மெதுவாக ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்ப்பேன்.

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் கம்பியை ஒரு கையால் பிடித்து நின்றிருப்பீர்கள். கிருமாம்பாக்கத்தில் ஏதோ மாடு குறுக்கே வர, டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். நேராகப் போய்க்கொண்டிருந்த உங்கள் உடம்பு என்ன செய்கிறது? பிடித்த பக்கம் நின்றுவிடுகிறது, பிடிக்காத பக்கம் தொடர்ந்து போகிறது, நீங்கள் கம்பியைச் சுற்றி ஒரு வட்டமடித்துப் பக்கத்துப் பயணியின் மேல் விழுகிறீர்கள். யாரும் உங்களைச் சுழற்றவில்லை. நேர்கோட்டு வேகத்தின் ஒரு ஓரத்தை நிறுத்தினால் மிச்சம் சுழற்சியாகிறது.

டிஸ்க் வீச்சில் அந்தக் கம்பி, ஊன்றிய வலக்கால். ஆட்டக்காரர்கள் இதைப் பிரேஸ் என்கிறார்கள். கால் ஊன்றி, முட்டி மடங்கிப் போகாமல் எதிர்த்து நிற்கிறது. வலது இடுப்பு நின்றுவிடுகிறது. இடது இடுப்புக்கு யாரும் சொல்லவில்லை, அது முன்னேறி வருகிறது. இடுப்பு சுழல்கிறது. மேலே சொன்ன 65 கிலோ ஆள் தன் 2 மீட்டர் வேகத்தை 0.2 நொடியில் அடக்குவதாகக் கொண்டால், பாதம் தரையைக் கிடைவாக்கில் உதைக்கும் விசை சராசரியாக 650 நியூட்டன். ஏறக்குறைய அவருடைய உடல் எடையே. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரை அதே விசையோடு திருப்பி உதைக்கிறது. தட்டை வீசுவதில் தரையும் ஒரு கை போடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

இடுப்பு சுழலத் தொடங்கும்போது தோளும் கையும் இன்னும் பின்னாலேயே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். கீழ்ப்பாதி முன்னே போகிறது, மேல்பாதி பின்னே நிற்கிறது. நடுவில் வயிற்றின் பக்கவாட்டுச் சாய்தசைகள் முறுக்கி இழுபடுகின்றன. இழுபட்ட மறுகணமே சுருங்கும் தசை, சும்மா கிடந்து சுருங்கும் தசையைவிட அதிக விசை கொடுக்கும். ஆனால் அந்தச் சலுகைக்கு ஆயுள் மிகக் குறைவு. பின்னால் கை நீட்டி ஒரு கணம் போஸ் கொடுத்து நின்றால் காலாவதியாகிவிடும். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள்: நடந்து வந்து, நின்று, பிறகு வீசுகிறார்கள். நடையும் வீச்சும் தனித்தனியே இரண்டு காரியங்களாகிவிடுகின்றன.

பிறகு பிரேக் ஒவ்வொரு மாடியாக மேலேறுகிறது. இடுப்பு தன் வேகத்தின் உச்சத்தைத் தொட்டுத் தணியும்போது தோள் உச்சத்துக்குப் போகிறது. தோள் தணியும்போது மேற்கை. மேற்கை தணியும்போது முன்கை. கடைசியில் மணிக்கட்டு. மேலே இருப்பது ஏன் வேகமெடுக்கிறது? கீழே இருப்பது வேகத்தை இழப்பதால். தட்டைச் சுமந்த முன்கை, முழங்கை மடங்கிய நிலையில் மார்பையொட்டி வருகிறது. எடை உடலுக்கு அருகில் இருப்பதால் திருப்புவது சுலபம். தோளின் வேகம் கூடக்கூட முன்கை வெளிப்பக்கமாக விரியப் பார்க்கிறது. விரியும்போது அது மேற்கையைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கிறது. மேற்கை இழப்பது முன்கைக்கும் தட்டுக்கும் வரவாகிறது. மேற்கையைவிட முன்கையும் தட்டும் எடை குறைவு. அதே ஆற்றல் எடை குறைந்த பொருளுக்குள் போனால் வேகம் கூடியே ஆக வேண்டும். 65 கிலோவில் ஆரம்பித்த வரவு செலவு 175 கிராமில் வந்து முடிகிறது.

முழங்கையை யாரும் வலிந்து நீட்டுவதில்லை, அது தானே திறக்கிறது. விரல்கள்கூடத் தட்டை 'விடுவதில்லை'. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், அரை மீட்டர் ஆரமுள்ள வளைவில் தட்டு திரும்புவதாகக் கொண்டால், அதை அந்த வளைவில் பிடித்துவைக்க 270 நியூட்டன் வேண்டும்; 27 கிலோவைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் கவ்விப் பிடிப்பதற்குச் சமம். பிடி தாங்காது. தட்டு பிய்த்துக்கொண்டு போகிறது. விளிம்பு கடைசியாக விரல்களைவிட்டு உருவும் அந்த நொடியில்தான் சுழற்சியும் கிடைக்கிறது: நல்ல வீச்சில் நிமிடத்துக்கு 1000 சுற்றுகளுக்கு மேல்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. முன்காலை மடங்கவிடாமல் நேராக ஊன்றும் வேகப்பந்து வீச்சாளர்களுக்கே பெரும்பாலும் வேகம் அதிகம் என்று இங்கிலாந்து ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். சென்னை போரூரிலேயே ஸ்ரீ ராமச்சந்திராவில் ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்ற பந்துவீச்சுச் சோதனை மையம் உண்டு. கிரிக்கெட் என்றால் காசு வரும். மற்ற விளையாட்டுகளுக்குப் பதக்கம் வாங்கிய பிறகு மேடையில் காசோலை வருகிறது. பாதம் தரையை எவ்வளவு விசையோடு உதைக்கிறது என்று அளக்கும் ஒரு விசைத்தட்டு மாவட்டத்துக்கு ஒன்று வாங்கிப் போட்டால், ஈட்டி எறியும் பண்ருட்டிப் பையனுக்கும் நீளம் தாண்டும் பாகூர்ப் பெண்ணுக்கும் முழங்கால் போவதற்கு முன்பே உதவும். அளக்கும் கருவி இல்லாத இடத்தில்தான் 'அவனுக்குக் கைராசி' என்ற பேச்சு வருகிறது. கைராசி என்று நாம் சொல்வதில் பாதிக்குமேல் நேரந்தவறாத குதிகால் என்பது என் கட்சி.

சரி, சில்வர் பீச். உங்கள் பிரச்சினையில் பாதி அந்த மணல்தான். உலர்ந்த மணலில் காலை ஊன்றினால் மணல் விலகிக்கொடுக்கிறது, பாதம் சறுக்குகிறது, பிரேக் பிடிப்பதில்லை. திருப்பி உதைக்க வேண்டிய தரை ஓடி ஒளிந்துகொள்கிறது. இடுப்பு நிற்காததால் சுழலவில்லை. குறைந்த வேகத்தை ஈடுகட்ட முதுகைத் திருகி வீசியிருப்பீர்கள். வலி அதனால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். டிஸ்க் கோல்ஃப் மைதானங்களில் வீசும் இடத்தில் கான்கிரீட் மேடை போடுவது அழகுக்காக அல்ல. டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 2016-ல் 338 மீட்டர் வீசிச் சாதனை படைத்தது அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், மணலில் அல்ல, வறண்டு இறுகிய ஏரிப்படுகையில். பின்னாலிருந்து பலத்த காற்று உதவியது உண்மைதான், ஆனால் அந்தக் காற்று காலுக்குப் பிடிமானம் தராது. பீச்சில்தான் பழகுவேன் என்றால் அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய ஈரமணலுக்குப் போங்கள். அதைவிட மஞ்சக்குப்பம் மைதானத்துக் கட்டாந்தரை உத்தமம். மழை பெய்து சேறானால் அன்றைக்கு விடுப்பு.

கடற்காற்றையும் கணக்கில் எடுங்கள். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று ஏறும். கடலைப் பார்த்து வீசினால் எதிர்க்காற்று. வலக்கை பேக்ஹேண்டில் தட்டு மேலிருந்து பார்க்கக் கடிகார முள் திசையில் சுற்றும். காற்றை வேகமாக வெட்டும்போது அது வலப்பக்கம் சாயும், வேகம் குறையக் குறைய இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். சுழலும் பொருளைத் தள்ளினால் தள்ளிய திசையில் சாயாமல் கால்வட்டம் தள்ளிச் சாய்வதால் வரும் விளைவு இது. அதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். எதிர்க்காற்றில் தட்டு தன் உண்மை வேகத்தைவிட அதிக வேகத்தில் பறப்பதாகவே காற்றுக்குப் படும், அதனால் வலச்சாய்வு கூடும். தட்டின் முன்விளிம்பு சற்றே தூக்கியிருந்தாலும் போச்சு, உயரே ஏறி அப்படியே நின்று இறங்கிவிடும். காலை வேளையில் பழகுங்கள்.

முதல் சில நாட்கள் எக்ஸ்-ஸ்டெப்பை மறந்துவிடுங்கள். நின்ற இடத்திலேயே, இடக்காலிலிருந்து வலக்காலுக்கு எடையை மாற்றி வீசுங்கள். தட்டு போனபிறகு வலது குதிகாலின் மேல் பாதத்தை இலக்குப் பக்கம் திரும்ப விட்டுவிடுங்கள். பாதம் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் சுழன்றால் அந்த முறுக்கை முட்டியின் ஜவ்வுதான் வாங்கிக்கொள்ளும். முட்டி முன்பின் மடங்கப் படைக்கப்பட்டது, திருகுவதற்கு அல்ல.

நண்பரிடம் போனைக் கொடுத்து ஸ்லோமோஷனில், பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வலது குதிகால் தரையில் அழுந்தும் ஃபிரேமில் நிறுத்தி, தட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்னால் நீண்ட கையிலேயே இருந்தால் சரி. அதற்குள் மார்புக்கு வந்துவிட்டிருந்தால் கை முந்திக்கொண்டது, கால் வருவதற்குள் வேலையைத் தானே முடிக்கப் பார்க்கிறது. ஜிம்முக்குப் போகிற கைகளுக்கு இந்த அவசரம் கொஞ்சம் ஜாஸ்தி.